நிழல் யார் காசில் நிற்கிறது? நிலைத்த காபி பிராண்டு பற்றி ஓர் எளிய விளக்கம்

காபித்தூள் பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தால் இப்போதெல்லாம் சில சொற்கள் தவறாமல் இருக்கின்றன: நிழலில் விளைந்தது, எஸ்டேட்டிலிருந்து நேராக, பாரம்பரியச் சுவை, சுற்றுச்சூழலுக்கு உகந்தது. புதிதாகக் காபித் தொழில் தொடங்குகிறவர்களும் இதே சொற்களில்தான் தொடங்குகிறார்கள். ஆனால் இந்தியாவில் காபி ஏறக்குறைய முழுவதுமே மர நிழலில்தான் விளைகிறது. எல்லோருக்கும் பொருந்துவதை ஒரு பிராண்டு தன் சிறப்பாகச் சொன்னால், அதிலிருந்து வாங்குகிறவருக்கு எதுவும் தெரியவராது. அந்த நிழல் எந்த மரத்தின் நிழல், அது அடுத்த பத்து ஆண்டும் நிற்குமா, நிற்பதற்கு யார் காசு கொடுக்கிறார்கள் என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

இந்தக் கட்டுரையில் 'நிலைத்த பிராண்டு' என்பதற்கு ஒரே பொருள்தான். தான் கொட்டை வாங்கும் விதத்தால், அந்தத் தோட்டத்து மண், மரம், தண்ணீர், உழைப்பவர் நான்கையும் அடுத்த ஆண்டும் விளைச்சல் தரும் நிலையில் வைத்திருக்கிற பிராண்டு. காகிதப் பை, பச்சை நிற முத்திரை எல்லாம் அதற்குப் பிறகுதான்.

பால் கேனும் காபிச் சாக்கும்

ஊர்ப் பால் சொசைட்டியில் காலையில் என்ன நடக்கிறது? ஒவ்வொரு வீட்டுப் பாலையும் அளந்து, கொழுப்புச் சத்து பார்த்து, ஒரே கேனில் ஊற்றிவிடுகிறார்கள். பாலுக்கு இது நல்ல ஏற்பாடுதான். ஆனால் கேனில் விழுந்த பிறகு எது எந்த வீட்டுப் பால் என்று யாராலும் பிரிக்க முடியாது. மாட்டுக்கு நல்ல தீவனம் போட்டவருக்கென்று தனி விலை கொடுக்கவும் வழியில்லை.

இந்தியக் காபியும் அரை நூற்றாண்டு காலம் இப்படித்தான் ஓடியது. 1942-ல் வந்த காபிச் சட்டத்தின்படி, விளைவித்தவர்கள் தங்கள் காபியைக் காபி வாரியத்தின் பொதுத் தொகுப்பில் ஒப்படைக்க வேண்டும். வாரியம் விற்று, தரப் புள்ளிக்கு ஏற்பப் பணத்தைப் பங்கிட்டுக் கொடுக்கும். 1990-களில் இது படிப்படியாகத் தளர்ந்து 1996-ஓடு முடிந்தது. அதன் பிறகுதான் ஒரு தோட்டத்துக் காபியை அதன் பெயரோடு விற்பது நடைமுறைக்கு வந்தது.

தொகுப்பு முறை போய்விட்டாலும் கலப்பது இன்னும் நடக்கிறது, க்யூரிங் ஒர்க்ஸில். தோட்டத்தில் காய்ந்த காபியின் மேலோட்டை நீக்கி, சல்லடையில் அளவு பிரித்து, பழுதான கொட்டைகளைப் பொறுக்கி எடுக்கும் ஆலை அது. சிக்கமகளூரு, ஹாசன், குசால்நகர் பக்கம் நிறைய உண்டு. தமிழ்நாட்டில் பட்டிவீரன்பட்டி இதற்குப் பெயர் போனது. சிறு விவசாயியிடம் இருக்கும் நான்கைந்து மூட்டையைத் தனியாக ஓட்டுவது ஆலைக்குக் கட்டுப்படியாகாது. அவர் ஊர் வியாபாரியிடம் விற்கிறார், வியாபாரி எல்லாவற்றையும் சேர்த்துக் கொட்டுகிறார். பெயர் தொலைவது அந்த இடத்தில்தான்.

ஒரு மூட்டை எந்த நிலத்திலிருந்து வந்தது என்று வறுக்கும் இடம் வரைக்கும் சொல்ல முடிவதைத் தடமறிதல் என்கிறோம். இதற்குப் பெரிய மென்பொருள் வேண்டியதில்லை. ஒரே ஊரின் பத்துப் பதினைந்து சிறு தோட்டங்களைச் சேர்த்து ஆலை ஏற்கும் அளவுக்கு ஒரு தொகுதியாக்க வேண்டும். சாக்கின் மேல் ஊர், அறுவடைப் பருவம், தொகுதி எண் எழுத வேண்டும். ஆலையில் அதைத் தனியாக ஓட்டுவதற்கான கூடுதல் கூலியைப் பிராண்டு ஏற்க வேண்டும். ஆந்திராவின் அரக்குப் பள்ளத்தாக்கில் பழங்குடி விவசாயிகள் கூட்டுறவாகச் சேர்ந்து, தங்கள் காபியை அரக்கு என்ற பெயரிலேயே வெளிநாடு வரை கொண்டுபோக முடிந்ததற்கு அடிப்படை இந்தச் சேர்ந்து பதப்படுத்தும் ஏற்பாடுதான்.

இதுவரை பார்த்தது: பெயர் தெரியாத காபிக்கு எந்தச் சிறப்பு விலையும் தோட்டத்தைப் போய்ச் சேராது. அதனால் தடமறிதல் முதல் வேலை.

நிழல் என்ன செய்கிறது

காபியில் முக்கியமாக அராபிகா, ரொபஸ்டா என்று இரண்டு வகை. அராபிகா காட்டின் அடிவளர்ச்சியாக இருந்த செடி. நேர் வெயிலில் ஒன்றிரண்டு ஆண்டு மளமளவென்று காய்த்துவிட்டுக் களைத்துப்போகும். மேலே மரம் இருந்தால் வெப்பம் தணிகிறது, உதிரும் இலை மண்ணுக்குப் போர்வையாகிறது, சரிவில் மழை மண்ணை அரிப்பதில்லை. இன்னொரு காரணம் தண்டுத் துளைப்பான். அராபிகாவின் பெரிய எதிரியான இந்த வண்டு, வெயில் படும் தண்டின் பட்டை வெடிப்பில் முட்டையிடும். புழு உள்ளே குடைந்துவிட்டால் செடியைப் பிடுங்கி எரிப்பதைத் தவிர வேறு வழியில்லை. நிழல் மெலிந்த தோட்டத்தில் இதன் தாக்குதல் கூடும்.

அதற்காக நிழல் எவ்வளவு அடர்ந்தாலும் நல்லது என்று எண்ணிவிடக் கூடாது. மழைக்காலத்தில் ஈரம் தேங்கினால் இலைத் துரு நோயும் கருப்பழுகலும் வரும், பூவும் குறையும். அதனால்தான் பருவமழைக்கு முன் கிளை கழித்து வெளிச்சம் விடுகிறார்கள். ரொபஸ்டாவுக்கு அராபிகாவைவிட நிழல் குறைவாகவே போதும்.

எந்த மரம் என்பதில்தான் பணம் பேசுகிறது. பழைய முறையில் இரண்டு அடுக்கு உண்டு. கீழே சீக்கிரம் வளர்ந்து மண்ணுக்குத் தழைச்சத்து தரும் கல்யாண முருங்கை. மேலே அத்தி, பலா போன்ற நாட்டு மரங்கள். கீழ்ப்பழனி மலையில் தாண்டிக்குடி பக்கம் காபியோடு விருப்பாச்சி மலைவாழையும் ஆரஞ்சும் சேர்ந்து வளரும். இவற்றின் இடத்தைப் பல தோட்டங்களில் சில்வர் ஓக் பிடித்துவிட்டது. நேராக வளரும், மிளகுக் கொடி ஏற்ற வசதி, வெட்டி விற்க நாட்டு மரங்களைப் போலக் கட்டுப்பாடுகள் கிடையாது, மரத்துக்கு விலையும் உண்டு. விவசாயியின் பக்கமிருந்து பார்த்தால் முழுக்க நியாயமான முடிவு. ஆனால் அந்த இலை மெதுவாகத்தான் மக்குகிறது. பறவைக்கும் பூச்சிக்கும் அத்தி மரம் தரும் உணவை அது தருவதுமில்லை. முழுக்கச் சில்வர் ஓக் நிற்கும் தோட்டமும் 'நிழலில் விளைந்தது' என்று அச்சடிக்கலாம், பொய்யில்லை.

பலகை விலைக்கு ஒரு பலா மரம் என்ன தரும் என்பது விவசாயிக்குத் தெரியும். அதை நிற்கவைத்தால் என்ன கிடைக்கும் என்று சொல்லவேண்டியவர், கொட்டை வாங்குகிற பிராண்டு.

தண்ணீர்க் கணக்கு

காபிக்குத் தண்ணீர் இரண்டு இடத்தில் செலவாகிறது. ஒன்று பூப்பு. மார்ச், ஏப்ரலில் ஒரு நல்ல மழை பெய்தால்தான் மொட்டு விரியும். அது வராத ஆண்டில் ரொபஸ்டாத் தோட்டங்களில் குளத்திலிருந்தோ ஓடையிலிருந்தோ இறைத்துத் தெளிக்கிறார்கள். ஓர் ஏக்கருக்கு ஓர் அங்குலம் தண்ணீர் விட்டால் சுமார் 1 லட்சம் லிட்டர். நிலத்தில் சொந்தக் குளம் வெட்டி மழைநீர் சேர்த்திருக்கிறார்களா என்று கேளுங்கள்.

மற்றொன்று பதப்படுத்துதல். இங்கே சில சொற்களைத் தெரிந்துகொள்ள வேண்டும். பழுத்த பழத்தைப் பறித்த அன்றே பல்ப்பரில் தோலுரித்து, ஒரு நாளோ சற்று மேலோ புளிக்கவைத்து, கழுவி, உமி போன்ற ஒரு மெல்லோட்டோடு காயவைத்தால் அது பார்ச்மென்ட். இப்படிக் கழுவிய அராபிகாதான் வியாபாரத்தில் 'பிளான்டேஷன்'. பழத்தை அப்படியே வெயிலில் உலர்த்தினால் அது 'செர்ரி'. பழத்துக்குள் இரண்டு கொட்டைக்குப் பதில் உருண்டையாக ஒன்றே இருந்தால் அது 'பீபெரி'. பீபெரி என்பது தனி ரகமோ தனி ஊரோ இல்லை. எல்லாத் தோட்டத்திலும் ஒரு பங்கு இருக்கும், சல்லடையில் பிரித்தெடுக்கிறார்கள்.

கழுவிய நீரில் சர்க்கரையும் பசையும் கலந்திருக்கும். அதை ஓடையில் விட்டால் நீரில் உள்ள பிராணவாயு தீர்ந்து மீன் சாகும். சுண்ணாம்பு போட்டுப் புளிப்பைத் தணித்து, தொட்டியில் தேக்கிச் சுத்தப்படுத்த வேண்டும். உரித்த தோலை மக்கவைத்தால் தோட்டத்துக்கே எரு. செர்ரி முறையில் இந்தக் கழுவுநீரே கிடையாது. செர்ரி என்றாலே மட்டம் என்ற எண்ணம் பறிப்பதில் அக்கறை இல்லாத காலத்துப் பழக்கம். பழுத்ததை மட்டும் பறித்து, மெல்லிய படுகையாகப் பரப்பி, நாளுக்குப் பலமுறை கிளறி உலர்த்திய செர்ரி அருமையாக இருக்கும். தண்ணீர் குறைந்த ஊரில் அதை வாங்குவதுதான் சரி.

எதில் கெட்டுப்போகிறது? பழுக்காததையும் பழுத்ததையும் சேர்த்துப் பறிப்பதில், பறித்ததை இரவு முழுக்கச் சாக்கில் கட்டி வைப்பதில், அரைகுறையாகக் காய்ந்ததை அம்பாரமாகக் குவிப்பதில். ஈரப்பதம் 10 முதல் 12 சதவீதத்துக்குள் வந்த பிறகே மூட்டை கட்ட வேண்டும். அதற்கு மேல் இருந்தால் பூசணம். ஈரமானி இல்லாமல் கொட்டை வாங்கப் போகாதீர்கள்.

சிக்கரியை மறைக்க வேண்டியதில்லை

பாரம்பரியம் என்று பேசும்போது பலர் டபரா டம்ளர் படத்தோடு நின்றுவிடுகிறார்கள். பாபா புதன் ஏமனின் மோகாவிலிருந்து ஏழு கொட்டை கொண்டுவந்து சிக்கமகளூரு மலையில் ஊன்றியதாகச் சொல்லும் கதையையும் பாக்கெட்டில் போடலாம், தவறில்லை. ஆனால் தென்னிந்திய பில்டர் காபியின் உண்மையான கைத்திறன் அதன் கலவையில் இருக்கிறது: மணத்துக்குப் பிளான்டேஷன் அல்லது பீபெரி, கெட்டிக்கு ரொபஸ்டா, நிறத்துக்கும் ஒரு கசப்பு இனிப்புக்கும் சிக்கரி.

சிக்கரி என்பது ஒரு செடியின் வேரை உலர்த்தி வறுத்தது. நம் நாட்டில் முக்கியமாகக் குஜராத்திலும் உத்தரப் பிரதேசத்திலும் விளைகிறது. அதில் கஃபீன் கிடையாது. காபியைவிட அதிகமாக நீரில் கரையும் என்பதால் டிகாக்ஷன் கறுப்பாகவும் கெட்டியாகவும் இறங்கும், ஈரத்தைப் பிடித்துவைத்துச் சொட்டும் வேகத்தையும் குறைக்கும். காபியும் சிக்கரியும் கலந்த தூளில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, இரண்டின் அளவையும் பாக்கெட்டில் குறிப்பிட வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு விதி. ஆகவே 80க்கு 20 என்று பெரிதாகவே அச்சடியுங்கள். பாலோடு குடிக்கும் காபிக்கு அது நேர்மையான, நல்ல கலவை. ஏமாற்று எங்கே நடக்கிறது என்றால், பாதிக்குப் பாதி சிக்கரியை வைத்துவிட்டுப் பாக்கெட்டின் முகப்பில் மலைச்சரிவுத் தோட்டத்தைக் காட்டும்போது.

கூடுதல் விலை டம்ளரில் எவ்வளவு?

நிலைத்த காபி என்றால் கட்டுப்படியாகாத விலை என்ற பேச்சுக்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கொட்டை விலை அடிக்கடி மாறுவதால் எண்கள் கணக்குக்காக மட்டும்.

பச்சைக் கொட்டை கிலோ 500 ரூபாய் என்று வையுங்கள். வறுக்கும்போது எடை ஆறில் ஒரு பங்கு போல, 16 சதவீதம் குறைந்தால், வறுத்த ஒரு கிலோவுக்குக் கொட்டைச் செலவு 595 ரூபாய். சிக்கரி கிலோ 150 என்றால், 80க்கு 20 கலவையில் மூலப்பொருள் செலவு 506 ரூபாய். இப்போது, நாட்டு மரங்களை வெட்டாமல் வைத்திருப்பதற்காக விவசாயிக்குக் கிலோவுக்கு 50 ரூபாய் கூட்டிக் கொடுக்கிறீர்கள். அதே கணக்கில் செலவு 554 ரூபாய். வித்தியாசம் 48 ரூபாய். 200 கிராம் பாக்கெட்டுக்குப் பத்து ரூபாய்க்கும் குறைவு. ஒரு டம்ளருக்கு 12 கிராம் தூள் போட்டால், சுமார் 60 காசு.

ஆக, சிக்கல் இந்தத் தொகையில் இல்லை. விலை ஆடும் ஆட்டத்திலும், பணம் தேவைப்படும் நேரத்திலும் இருக்கிறது. 2001-ல் நியூயார்க் சந்தையில் ஒரு பவுண்டு அராபிகா 50 சென்ட்டுக்குக் கீழே விழுந்தது. 2025 பிப்ரவரியில் 4 டாலரைத் தாண்டியது. நம் விவசாயிக்குக் கிடைப்பதும் இதைப் பின்பற்றியே ஏறி இறங்கும், ஏனென்றால் இந்தியக் காபியில் பெரும் பகுதி ஏற்றுமதியாகிறது. நிலையான ஒரு விலைக்கு ஒப்பந்தம் போட்டால், ஏறும் ஆண்டில் விவசாயி விலகுவார், இறங்கும் ஆண்டில் பிராண்டு விலகும். நிற்கக்கூடிய ஒப்பந்தம் இரண்டு வரி: அன்றைய சந்தை விலைக்கு மேல் இவ்வளவு ரூபாய். எந்த நிலையிலும் சாகுபடிச் செலவை ஈடுகட்டும் இந்தத் தரை விலைக்குக் கீழே போகாது.

அடுத்தது நேரம். அராபிகா நவம்பர் முதல் ஜனவரி வரை, ரொபஸ்டா அதை ஒட்டி மார்ச் வரை பறிக்கிறார்கள். ஆண்டு முழுக்க வேண்டிய கொட்டையை அப்போதே பிடிக்க வேண்டும். மாதம் 200 கிலோ தூள், 80க்கு 20, எளிமைக்கு முழுக்க அராபிகா என்று வைத்தால், மாதம் 190 கிலோ பச்சைக் கொட்டை, ஆண்டுக்கு 2,300 கிலோ. கிலோ 550 என்றால் 12.5 லட்சம் ரூபாய்க்கு மேல். சிறு பிராண்டுகள் முதல் ஆண்டு ஊர்ப் பெயரோடு தொடங்கி, இரண்டாம் ஆண்டு மொத்த வியாபாரியிடம் போய் நிற்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். மூன்றில் ஒரு பங்கை அறுவடையில் கொடுத்து, சரக்கைப் பார்ச்மென்டாகவே வைத்து, தேவைப்படும்போது மீதியைக் கொடுத்து ஓடு நீக்கி எடுப்பது ஒரு வழி. அந்த மெல்லோடு கொட்டையைக் காக்கும் என்பதால் தரமும் குறையாது. மிளகு, உரம், மண்ணெண்ணெய் எதற்கும் பக்கத்தில் மட்டும் வைக்கக் கூடாது. காபி எந்த வாடையையும் இழுத்துக்கொள்ளும்.

இன்னொன்றும் இந்தக் கணக்கில் தெரிகிறது. எக்டேருக்கு 450 கிலோ போல விளையும் இந்திய அராபிகாவில் 2,300 கிலோவுக்கு 5 எக்டேர் நிலம் போதும். ஒரு மலைக் கிராமத்தின் சில குடும்பங்கள். அவ்வளவு பேரையும் பெயர் சொல்லித் தெரிந்துவைத்துக்கொள்ள முடியும்.

முத்திரைகள் எதைச் சொல்கின்றன

இயற்கை வேளாண் சான்று: செயற்கை உரமும் பூச்சிமருந்தும் போடவில்லை. காபி போன்ற நீண்டகாலப் பயிருக்கு மாற்றக் காலம் மூன்று ஆண்டு. விவசாயிக்குக் கிடைத்த விலையைப் பற்றி அது எதுவும் சொல்லாது. புவிசார் குறியீடு: இன்ன ஊரில் விளைந்தது. 2019-ல் கூர்க் அராபிகா, சிக்கமகளூர் அராபிகா, பாபா புதன்கிரி அராபிகா, வயநாடு ரொபஸ்டா, அரக்குப் பள்ளத்தாக்கு அராபிகா ஐந்தும் அதைப் பெற்றன. மரத்தையோ தண்ணீரையோ பற்றிய உறுதி அதில் கிடையாது. நியாய வணிகச் சான்று விலையையும் கூலியையும் பார்க்கிறது. மழைக்காட்டுக் கூட்டமைப்பின் தவளை முத்திரை, தோட்ட நடைமுறைகளைப் பார்க்கிறது. ஒவ்வொன்றும் ஒரு பக்கத்தைக் காட்டும். சான்றுக் கட்டணம் கட்ட முடியாத நல்ல தோட்டங்களும் நிறைய உண்டு.

பை, சம்புடம், அரவைக் கடை

வறுத்த கொட்டை சில நாள் கரியமிலவாயு விடும். அதனால்தான் உள்ளிருப்பது வெளியேறி, வெளிக்காற்று உள்ளே வராத வால்வு வைத்த பை. பிளாஸ்டிக்கும் அலுமினியமும் ஒட்டிய பல அடுக்குப் பை காபியை நன்றாகக் காக்கும், ஆனால் மறுசுழற்சிக்குப் போவது அரிது. மக்கும் பை என்று விற்பதில் பல, தொழிற்கூட உரக்குழியின் சூட்டில்தான் மக்கும், வீட்டுத் தொட்டியில் மக்காது. ஈரத்தையும் காற்றையும் தடுப்பதிலும் பின்தங்கியவை. காபி மணமிழந்து கொட்டப்பட்டால், அதை விளைவித்த தண்ணீரும் உழைப்பும் சேர்ந்தே போகிறது.

இதற்கு நம்மிடம் ஏற்கெனவே ஒரு விடை இருக்கிறது. கும்பகோணத்திலோ மயிலாப்பூரிலோ தெருமுனைக் காபித்தூள் கடையில் கண்ணெதிரே அரைத்து, கால் கிலோ, அரைக் கிலோ என்று கட்டிக் கொடுப்பார்கள். வீட்டுக்கு வந்ததும் சம்புடத்தில் கொட்டி, ஒன்றிரண்டு வாரத்தில் தீர்த்துவிட்டு மறுபடி போவார்கள். குறைந்த பை, புதுத் தூள், தேங்காத சரக்கு. தொடங்கும் பிராண்டு சொந்த ஊரில் இப்படி ஒரு அரவை மேடையை வைத்து, டப்பாவோடு வருகிறவருக்குப் பைக் காசைக் குறைத்தால், அதைவிடப் பொருத்தமான பாரம்பரியம் வேறில்லை. வெளியூருக்கு மட்டும் வால்வுப் பை, முடிந்தால் ஒரே வகைப் பிளாஸ்டிக்கில் செய்தது.

பாக்கெட்டில் என்ன எழுதலாம்

ஊர், அறுவடைப் பருவம், பிளான்டேஷனா செர்ரியா, காபி சிக்கரி அளவு, வறுத்த தேதி, பச்சைக் கொட்டைக்குக் கொடுத்த விலை. கடைசியானதை எழுதத் துணியும் பிராண்டுகள் குறைவு. எழுதினால் மற்றச் சொற்கள் பலவும் தேவைப்படாது.

மரத்தைப் பற்றி எதையும் எண்ணாமல் எழுதாதீர்கள். தோட்டத்துக்கு ஓர் ஏக்கர் அடையாளம் செய்து, ஆண்டுக்கு ஒருமுறை விவசாயியோடு நடந்து, எந்த மரம் எத்தனை, நெஞ்சுயரத்தில் சுற்றளவு எவ்வளவு என்று குறித்து, இடம் பதிவாகும்படி கைபேசியில் படமெடுத்தால் போதும். வேரோடு போன மரத்துக்குக் காரணம் எழுதுங்கள், காற்றா, நோயா, விற்பனையா என்று. கணக்கெடுப்பை ஒவ்வோர் ஆண்டும் நிழல் கழிப்பதற்கு முன்பே வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு ஆண்டு கழிப்பதற்கு முன்பும் மறு ஆண்டு கழித்த பிறகும் எடுத்த படங்களை ஒப்பிட்டால், நன்றாகப் பராமரித்த தோட்டமும் வெட்டித் தள்ளிய தோட்டம் போலத் தெரியும்.